மண்டபம் வேண்டாம், மனே

அன்பு மகனுக்கும் மருமகளுக்கும் பெரியம்மா எழுதுவது.

நீ அனுப்பிய கட்டட வரைபடத்தைப் பார்த்தேன். புற்றுநோயில் போன உங்கள் பிள்ளையின் ஆட்டைத் திவசத்தன்று அவள் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, வவுணதீவில் ஒரு மண்டபம் கட்டி, முகப்பில் அவளுடைய படத்தைப் பெரிதாக வைக்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். லண்டன் மச்சான் முதல் காசு போடுவாராம். அறக்கட்டளையைத் தொடங்கு, மனே. மண்டபத்தை விடு.

கோபிக்காமல் வாசி. நான் ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சட்டை போட்டு வேலை செய்த காலம் முழுக்கப் பார்த்ததைத்தான் சொல்கிறேன். எங்கள் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கோ மருந்துக்கோ காசு கேட்பதில்லை. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது வெளியில் வாங்கி அலைந்ததெல்லாம் உண்மைதான். ஆனாலும் ஏழைக் குடும்பம் நொறுங்குவது மருந்துச் செலவால் அல்ல. உங்கள் படுவான்கரைப் பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் என்றால், வலையிறவுப் பாலம் தாண்டி மட்டக்களப்புக்கு வந்து, அங்கிருந்து நாட்டின் மறுகரையில் இருக்கும் மஹரகம அபேக்‌ஷா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, வருடக்கணக்கில். தாய் பிள்ளையோடு வார்டில் இருப்பாள். தகப்பன் கூலி வேலையை விட்டுவிட்டு வெளியே எங்கே படுப்பான், என்ன சாப்பிடுவான்? வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது? இதெல்லாம் உங்கள் இருவருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நீங்கள் அறியாதது ஒன்று இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு நோய் வேகமாக முற்றியதால் அந்தக் கட்டத்தை நீங்கள் காணவில்லை. பிள்ளைகளுக்குக் கூடுதலாக வருகிற இரத்தப் புற்றுநோய்க்கு முதல் மாத வைத்தியம் முடிந்ததும் பெரும்பாலான பிள்ளைகளின் இரத்தத்தில் நோய் தெரியாத அளவுக்கு அடங்கிவிடும். பிள்ளை எழும்பி ஓடும், கொட்டிய முடி பிறகு முளைக்கும். அடங்கியதே தவிர அது போகவில்லை. முழு வைத்தியத்துக்கும் இரண்டு மூன்று வருடம் வேண்டும். ஊருக்குத் திரும்பிய குடும்பத்துக்கு அது எப்படிப் புரியும்? வேளாண்மை வெட்டு வரும். இந்த ஒரு கிளினிக்கை விட்டுப் பார்ப்போம் என்று தோன்றும். மார்கழி வெள்ளத்தில் வீதி மூடும். சுகமான பிள்ளைக்கு ஏன் இன்னும் நஞ்சைக் கொடுக்கிறாய் என்று அயல் பேசும். இடையில் விட்ட பிள்ளைகள் நோய் திரும்பி வந்து படுத்ததை நான் கண்டிருக்கிறேன். திரும்பி வந்த நோயை அடக்குவது முதல் தடவையைவிட மிகக் கடினம்.

உன் அறக்கட்டளைக்கு வேலை அங்கேதான் இருக்கிறது. முதல் மாதத்தில் எல்லாரும் வருவார்கள். ஊரே காசு சேர்க்கும், முகநூலில் படம் போடும். இரண்டாம் வருடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த இரண்டாம் வருடத்தில் கிளினிக் தேதிக்கு முதல்நாள் போன் எடுத்து, "டிக்கெட் காசு வந்ததா? மாத்திரை முடியாமல் இருக்கிறதா?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். பெயர்ப்பலகை இல்லாத வேலை. ஆனால் பிள்ளையைக் காப்பாற்றுகிற வேலை.

அடுத்தது காய்ச்சல். மருந்து ஏற்றிய பிள்ளைக்கு வெள்ளையணு குறைந்திருக்கும் நாட்களில் காய்ச்சல் வந்தால் விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசிமருந்து தொடங்க வேண்டும். சில மணித்தியாலங்கள் தவறினாலே பிள்ளை போய்விடலாம். ஆயித்தியமலைப் பக்கமோ உன்னிச்சைப் பக்கமோ நடுச்சாமத்தில் ஓட்டோவுக்கு எங்கே போவது? ஊருக்கு ஒரு ஓட்டோக்காரரைப் பிடித்து, இரவில் எப்போது கூப்பிட்டாலும் வருவேன், காசை அறக்கட்டளையிடம் வாங்கிக்கொள்கிறேன் என்று பேசி வை. மண்டபத்துக்கு அத்திவாரம் போடுகிற காசில் இது பல வருடம் ஓடும்.

இரத்தம் கொடுக்க ஆள் சேர்ப்பதும் அப்படித்தான். பிளேட்லெட் என்பது எடுத்து ஐந்து நாளளவில் கெட்டுவிடுகிற பொருள்; ஒரே நாளில் பெரிய முகாம் வைத்துப் படம் எடுத்தால் போதாது, மாதம் முழுக்க ஆள் வேண்டும். இன்னொன்றையும் யாரும் யோசிப்பதில்லை. எங்கள் தாய்மாரில் பலருக்குச் சிங்களம் தெரியாது. வார்டில் தாதி மிஸ்ஸி சொல்வது விளங்காமல் தலையை ஆட்டிவிட்டு மூலையில் நின்று அழுவார்கள். காய்ச்சல், வாந்தி, வாய்ப்புண், எத்தனை மாத்திரை, அடுத்த தேதி என்ன என்பதையெல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் போட்டு ஒரு சின்னக் கொப்பி அடி. திவசக் கல்வெட்டுப் புத்தகத்தைப் பளபளப்புத் தாளில் அடிக்க வைத்திருக்கிற காசில் பாதியே போதும்.

உன்னைப் போன்ற பெற்றோர் உலகத்தில் முன்னரும் இருந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோ என்ற ஊரில் டேவிட், ஹில்டா ஈஸ்ட்வூட் என்ற தம்பதியின் ஆறு வயது மகள் சூசன் 1960இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தாள். அன்றைக்கு அந்த நோய் வந்த பிள்ளை தப்புவது அபூர்வம். அவர்கள் ஊருக்குள் சேர்த்த காசை ஆராய்ச்சிக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து இன்றைய பிளட் கான்சர் யூகே. இன்று வசதியுள்ள நாடுகளில், நான் முன்னே சொன்ன வகை நோய் வந்த பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேரளவில் பிழைக்கிறார்கள். பிரிஸ்டல் நகரில் பொப் வூட்வார்ட் என்பவர் வேறு வழியில் போனார். மகன் ரொபேர்ட் நோயில் இருந்த காலத்திலேயே, 1976இல், ஓர் அமைப்பைத் தொடங்கி, பெற்றோர் பிள்ளைக்குப் பக்கத்தில் தங்க ஆஸ்பத்திரிக்கு அருகே வீடுகளை ஏற்பாடு செய்தார். மகன் பிழைக்கவில்லை, வேலை நிற்கவில்லை. எனக்கு ஈஸ்ட்வூட் தம்பதியைவிட இவரைத்தான் பிடிக்கும். ஆராய்ச்சிக்குக் காசு கொடுக்க எங்களால் ஏலாது. தங்க ஓர் அறை பிடித்துக் கொடுக்க ஏலும்.

எங்கள் நாட்டுக் கதையும் உனக்குத் தெரியும். கதீஜா அறக்கட்டளையின் எம்.எஸ்.எச். முஹம்மத், தன் மகனுக்குப் புற்றுநோய் வந்த பிறகுதான் மஹரகமவில் பெட் ஸ்கேன் கருவி இல்லை என்பதை உணர்ந்தார். 2016இல் அவர் கேட்டபோது சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று பார்க்காமல் நாடே கொடுத்தது. இருபது கோடி ரூபாய்க்கு மேல் சில மாதங்களுக்குள் சேர்ந்தது. ஆனால் கருவி வாங்கிப் பூட்டி வேலை தொடங்க அதைவிட எவ்வளவு காலம் இழுபட்டது! காசு சேர்ப்பது இலகுவான பாதி, மனே. சேர்ந்த பிறகுதான் பொறுமை வேண்டும்.

கணக்கில் கண்டிப்பாக இரு. பிரதேச செயலகத்துக்குப் போய் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சமூக சேவை அமைப்பாகப் பதிவு செய். வங்கிக் கணக்கில் கையெழுத்து உன்னுடையதும் உன் மனைவியுடையதும் மட்டுமாக இருக்கக் கூடாது; குடும்பத்துக்கு வெளியே ஒருவர் வேண்டும். ஐம்பது ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு எழுது. செத்த பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சேர்த்த காசு என்று நாளைக்கு ஒருவன் நாக்கு வளைத்தால் உங்களால் தாங்க ஏலாது.

மொட்டைத் தலைப் பிள்ளையின் படத்தை முகநூலில் போட்டுக் காசு கேட்காதே. அந்தப் பிள்ளை பிழைத்துப் பள்ளிக்கூடம் போகும்போது அந்தப் படமும் கூடவே போகும். புற்றுநோய் தொற்றாது, செய்வினையும் அல்ல, தாய் தகப்பன் செய்த பாவமும் அல்ல என்பதை முன்பள்ளி ஆசிரியைகளுக்கும் குடும்பநல மாதுக்களுக்கும் சொல்லிவை. விடாத காய்ச்சல், வெளிறல், காரணமில்லாத கண்டல், எலும்பு நோவு, கண்ணில் வெள்ளை ஒளி ஆகியவற்றைக் கண்டால் நாள் கடத்தாமல் அனுப்பச் சொல். கண்ணகை அம்மனுக்கு நேர்த்தி வைக்கிறவர்களோடு வாதாடப் போகாதே. நேர்த்தி வைக்கட்டும். வெள்ளையணு குறைந்த கிழமையில் வைகாசிச் சடங்குக் கூட்டத்துக்குள் பிள்ளையைக் கொண்டுபோகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இனி மருமகளுக்கு ஒரு சொல். மகள், உன் புருஷனுக்குத் துக்கம் ஓட்டமாக வருகிறது. உனக்கு அது அலுமாரியைத் திறந்து சட்டைகளை மடிப்பதாக வருகிறது. இரண்டும் துக்கம்தான். அவன் அழவில்லை என்று நினைக்காதே. நீ அறக்கட்டளை வேலைக்கு வரவில்லை என்று அவனும் நினைக்கக் கூடாது. வார்டு வாசலில் கால் நடுங்கினால் திரும்பி வா, அதில் வெட்கம் இல்லை. மனே, நீ கேள்: அவளை மேடையில் ஏற்றிப் பிள்ளையின் கதையைச் சொல்லச் சொல்லிக் காசு கேட்பாயானால் நான் அந்தக் கூட்டத்துக்கு வர மாட்டேன். மூத்தவனையும் பார். தங்கச்சியின் பெயரில் வீடு முழுக்கக் கூட்டமும் போனுமாக இருந்தால், அந்தப் பையன் இருப்பதை யார் பார்ப்பது? பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு அறக்கட்டளைப் பேச்சு வீட்டில் வேண்டாம்.

பெயரைப் பற்றிக் கேட்டிருந்தாய். பிள்ளையின் பெயரையே வை, யார் தடுத்தது? கொப்பியின் அட்டையில் சின்னதாகப் போட்டாலும் அதைப் பிடித்திருக்கிற தாய் வாசிப்பாள்.

இப்போதைக்கு ஒன்றைச் செய். உங்கள் பகுதியில் இப்போது வைத்தியத்தில் இருக்கிற பிள்ளைகள் எத்தனை பேர், எந்தக் கிராமம், அடுத்த கிளினிக் எப்போது என்று விசாரித்து ஒரு கொப்பியில் எழுது. மச்சானிடம் காசு கேட்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம். வருகிற சனிக்கிழமை இருவரும் மட்டக்களப்புக்கு வாருங்கள். என்னோடு வேலை செய்த மிஸ்ஸி ஒருவரிடம் கூட்டிப்போகிறேன். மூத்தவனையும் கூட்டி வாருங்கள், பகல் சாப்பாடு இங்கேதான்.

இப்படிக்கு,
பெரியம்மா