ஐந்து வோல்ட் எங்கே போனது?

அறிவியல் கண்காட்சிக்கு முந்தைய நாள் மாலை. ஆய்வகத்தில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேரும், பார்க்க வந்த பெற்றோர் சிலரும் இருந்தார்கள். நடுவில் பழைய வீடியோ கேம் பெட்டி. திரையில் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாணவன் யு.எஸ்.பி கேம்பேடைச் செருகினான். திரை இருண்டது. பெட்டி தானாக முதலிலிருந்து தொடங்கியது. மீண்டும் செருகினான். மீண்டும் அதே கதை.

"தொடாதேன்னு சொன்னேன்ல? இப்ப பாரு!" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். அவன் கேம்பேடை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். மறுநாள் கண்காட்சியில் அந்தப் பெட்டி துணி போர்த்தியபடி ஓரமாக நின்றது. அடுத்த ஒரு வாரம் அவன் ஆய்வகம் பக்கமே வரவில்லை.

தவறு அவன்மீது இல்லை. அது எப்படித் தெரியவந்தது என்பதையும், அதிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரு நல்ல மின்னியல் பாடத்தையும் ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பெட்டி வந்த கதை

எங்கள் ஊர்த் திரையரங்கத்தின் அருகில் ஒரு காலத்தில் வீடியோ கேம் கடை இருந்தது. கடை மூடி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. கிடங்கில் கிடந்த கடைசிப் பெட்டியை அதன் உரிமையாளர் பள்ளிக்குக் கொடுத்தார். பிக்சர் டியூப் பழுது. ஜாய்ஸ்டிக் உடைந்திருந்தது. உள்ளே இருந்த கேம் போர்டு மட்டும் உயிரோடு இருந்தது.

பிக்சர் டியூபை மாணவர்கள் தொட நான் அனுமதிக்கவில்லை. அதில் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேலான அழுத்தம் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்னூட்டம் தங்கியிருக்கும். அனுபவமுள்ள தொலைக்காட்சிப் பழுதுபார்ப்பவர் ஒருவர் வந்து அதைக் கழற்றி எடுத்துச் சென்றார். அதற்குப் பதிலாக ஒரு பழைய எல்.சி.டி மானிட்டரையும், படச் சைகையை மாற்றித்தரும் சிறிய போர்டு ஒன்றையும் வைத்தோம்.

ஜாய்ஸ்டிக்கிற்கு என்ன செய்வது? "சார், எங்க வீட்டுல கம்ப்யூட்டர் கேம்பேடு இருக்கு. அதையே மாட்டலாமே" என்றான் மேலே சொன்ன அதே மாணவன். இங்கிருந்துதான் பாடம் தொடங்கியது.

நேராக ஏன் மாட்ட முடியாது?

1985-ல் ஜப்பானின் கேளிக்கை இயந்திர உற்பத்தியாளர் சங்கம், கேம் போர்டுகளுக்கு ஒரு பொது இணைப்பு முறையை வகுத்தது. அச்சங்கத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதை 'ஜாம்மா' என்கிறார்கள். போர்டின் ஓரத்தில் பக்கத்துக்கு 28 வீதம் மொத்தம் 56 முனைகள். மின்சாரம், படம், ஒலி, ஜாய்ஸ்டிக் எல்லாம் இந்த ஒரே இணைப்பில் வந்துவிடும். 5 வோல்ட்டுக்கு 3, 4 ஆம் முனைகள். முதல் ஆட்டக்காரரின் மேல், கீழ், இடது, வலது திசைகளுக்கு முறையே 18, 19, 20, 21.

இந்த முனைகளின் வேலை மிக எளிது. சும்மா இருக்கும்போது ஒவ்வொரு முனையிலும் 5 வோல்ட் நிற்கும். ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால் உள்ளே உள்ள சுவிட்ச் அந்த முனையைத் தரையோடு, அதாவது 0 வோல்ட்டோடு, சேர்க்கும். "இது அழுத்தப்பட்டது" என்று போர்டு புரிந்துகொள்ளும். வீட்டு அழைப்பு மணிப் பொத்தானைப் போலத்தான்.

யு.எஸ்.பி அப்படி அல்ல. 1996-ல் வந்த இந்த முறையில் கருவி தானாகப் பேசாது. மறுமுனையில் 'ஹோஸ்ட்' ஒன்று இருந்து கேட்டால்தான் பதில் சொல்லும். மாணவர்களுக்கு இதை வருகைப் பதிவை வைத்து விளக்கினேன். பழைய ஜாய்ஸ்டிக் தானாகக் கை உயர்த்தும் பிள்ளை. யு.எஸ்.பி கேம்பேடு, பெயர் வாசித்தால் மட்டும் "உள்ளேன் ஐயா" சொல்லும் பிள்ளை. பெயர் வாசிக்க ஆள் இல்லையென்றால் அது வாய் திறக்காது. கேம் போர்டுக்குப் பெயர் வாசிக்கத் தெரியாது.

ஆகவே நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. எங்களிடம் இருந்த ஆர்டுயினோ ஊனோ போர்டின்மேல் யு.எஸ்.பி ஹோஸ்ட் ஷீல்டு ஒன்றைப் பொருத்தினோம். அது கேம்பேடிடம் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். "மேல் பொத்தான்" என்று பதில் வந்தால் ஆர்டுயினோவின் ஒரு முனை 5 வோல்ட்டுக்கு உயரும். அந்த முனையிலிருந்து 1 கிலோ ஓம் மின்தடை வழியாக பி.சி.547 டிரான்சிஸ்டரின் அடிவாய்க்கு இணைப்பு. உமிழ்ப்பான் தரையில். ஏற்பான் ஜாம்மாவின் 18 ஆம் முனையில். டிரான்சிஸ்டர் கடத்தியதும் 18 ஆம் முனை தரையோடு சேர்ந்துவிடும். பழைய சுவிட்ச் செய்த அதே வேலை. ஒரு பொத்தானுக்கு ஒரு டிரான்சிஸ்டர்.

முதல் நாள் ஒரு டிரான்சிஸ்டரை வைத்துச் சோதித்தோம். வேலை செய்தது. எல்லாவற்றையும் பற்றவைத்து, ஆர்டுயினோவுக்கான 5 வோல்ட்டைக் கேம் பெட்டியின் மின்வழங்கியிலிருந்தே எடுத்தோம். கண்காட்சிக்கு முந்தைய மாலை நடந்ததை மேலே சொல்லிவிட்டேன்.

அளந்து பார்த்தபோது

கண்காட்சி முடிந்த வாரம். கோபம் தணிந்த பிறகு மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். மின்வழங்கியின் முனைகளில் அளந்தேன். 5.04 வோல்ட். குறையே இல்லை. அதே மீட்டரைக் கேம் போர்டின் முனைகளில் வைத்தேன். 4.68 வோல்ட். கேம்பேடைச் செருகினேன். 4.62-க்கு இறங்கியது. பெட்டி விழுந்தது.

இந்தக் காலத்துப் போர்டுகளில் உள்ள 74 வரிசை சிப்புகள் 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இயங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. எங்கள் போர்டு, கேம்பேடு செருகுவதற்கு முன்பே எல்லைக்குக் கீழே தள்ளாடிக்கொண்டிருந்தது. கேம்பேடு கடைசிச் சுமையை ஏற்றியது, அவ்வளவுதான். அந்தச் சுமையை அவன் ஏற்றியதால் குற்றமும் அவன் தலையில் விழுந்தது.

மின்வழங்கிக்கும் போர்டுக்கும் இடையே இருப்பது ஒரு மீட்டர் நீளக் கம்பிகள் மட்டுமே. அந்தக் கம்பிகளை இணைத்தவன் நான். கையில் கிடைத்த 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டிருந்தேன்.

பதினெட்டு ஆண்டுகளாகக் கரும்பலகையில் "இணைப்புக் கம்பிகளின் மின்தடை புறக்கணிக்கத்தக்கது" என்று எழுதி வருகிறேன். புறக்கணித்தது இங்கே வந்து நின்றது.

அந்த மாணவனை வகுப்பில் எல்லோர் முன்னும் அழைத்தேன். "பெட்டி நின்னது உன்னால இல்ல. நான் போட்ட வயராலதான். அன்னைக்கு உன்னைத் திட்டினது தப்பு" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எவ்வளவு வோல்ட் சார் குறைஞ்சது?" என்று கேட்டான். மல்டிமீட்டரை அவன் கையில் கொடுத்தேன்.

ஓம் விதி உயிர்பெற்ற வகுப்பு

அன்று இரண்டு பாடவேளைகள் பெட்டியைச் சுற்றியே நடந்தன. கம்பியை இணைத்தபடியே, மீட்டரின் ஒரு முனையை மின்வழங்கியின் நேர்முனையிலும், மற்றொன்றைப் போர்டின் நேர்முனையிலும் வைக்கச் சொன்னேன். 0.25 வோல்ட். தரைக் கம்பியில் அதேபோல் அளந்தான். 0.17 வோல்ட். கூட்டினால் 0.42. 5.04-லிருந்து கழித்தால் 4.62. கணக்கு நேராக வந்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு.

மின்னோட்டம் ஏறத்தாழ 3 ஆம்பியர். அப்படியானால் வழியில் உள்ள மின்தடை 0.42 ÷ 3 = 0.14 ஓம். தாமிரத்தின் மின்தடை எண்ணையும் குறுக்குவெட்டுப் பரப்பையும் வைத்துக் கணக்கிட்டால், 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு மீட்டருக்கு 0.034 ஓம். போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர். 0.068 ஓம். 3 ஆம்பியரில் 0.2 வோல்ட்.

"மீதி 0.22 எங்க சார் போச்சு?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. துருப்பிடித்த திருகு முனைகளிலும், கறுத்துப்போன போர்டு ஓரத்திலும் போயிருந்தது.

இன்னொருவன் மீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்துக் கம்பியைத் தொட்டான். 'பீப்' என்றது. "கம்பி நல்லாத்தானே சார் இருக்கு?" என்றான். இங்கே ஒரு நுட்பம் உண்டு. அந்தச் சோதனையில் மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே அனுப்புகிறது. கம்பி அறுந்திருக்கிறதா இல்லையா என்று மட்டும் அது சொல்லும். சுமை ஏறும்போது எவ்வளவு அழுத்தம் இழக்கும் என்று சொல்லாது. அதை அறிய, கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும்.

சரிசெய்தது எப்படி?

1. 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டோம். மின்தடை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

2. திருகு முனைகளை மாற்றினோம். போர்டின் ஓரத்தைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தோம்.

3. ஆர்டுயினோவுக்கும் கேம்பேடுக்கும் தனியாக ஒரு 5 வோல்ட் கைப்பேசி சார்ஜர் கொடுத்தோம். இப்போது கேம்பேடின் சுமை கேம் போர்டின் மீது விழாது.

மூன்றாவதைச் செய்ததும் ஒரு பொத்தானும் வேலை செய்யவில்லை. இரண்டு மின்வழங்கிகளின் தரையையும் இணைக்க மறந்திருந்தோம். தரை பொதுவாக இல்லாவிட்டால் டிரான்சிஸ்டர் முனையைத் தரைக்கு இழுக்க முடியாது. தரைகளை மட்டும் இணைத்தோம். இரண்டு 5 வோல்ட் கம்பிகளை ஒன்றோடொன்று இணைக்கக் கூடாது.

மின்வழங்கியில் அழுத்தத்தைக் கூட்டும் சிறு திருகு ஒன்று உண்டு. அதைத் திருகி 5.4 ஆக்கியிருந்தால் பெட்டி உடனே ஓடியிருக்கும். ஆனால் சுமை குறையும் நேரத்தில் போர்டுக்கு 5.25-க்கு மேல் ஏறி சிப்புகள் கெடலாம். நோய் கம்பியில் இருக்க, மருந்தை மின்வழங்கிக்குக் கொடுப்பது தகாது.

கடைசியில் போர்டின் முனைகளில் 4.96 வோல்ட். கேம்பேடைப் பத்து முறை செருகி எடுத்தான். பெட்டி அசையவில்லை.

உங்கள் வகுப்பில் செய்து பார்க்க

கேம் பெட்டி எல்லாப் பள்ளிக்கும் கிடைக்காது. தேவையும் இல்லை. இரண்டு 1.5 வோல்ட் மின்கலங்கள், ஒரு டார்ச் பல்பு, மெல்லிய கம்பி 20 மீட்டர், ஒரு மல்டிமீட்டர் போதும். முதலில் குட்டைக் கம்பியில் பல்பை எரியவிட்டு, மின்கலத்திலும் பல்பிலும் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். பிறகு நீளக் கம்பியில் அதையே செய்யுங்கள். பல்பு மங்கும். காணாமல் போன வோல்ட்டைக் கம்பியின் இரு முனைகளுக்கு இடையே மாணவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும். அதன்பின் பல்பைக் கழற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். குறைந்த அழுத்தம் திரும்பி வந்துவிடும். மின்னோட்டம் இல்லையேல் அழுத்த இழப்பும் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

வீட்டில் நீளமான மலிவு விலைக் கம்பியில் கைப்பேசி மெதுவாக மின்னேறுவதற்கும் இதுவே ஒரு காரணம். அதைக் கேள்வியாகக் கொடுத்தால், பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடம் அன்று மாலையே வீட்டுக்குப் போய்விடும்.

கவனிக்க: 230 வோல்ட் இணைப்பு எதையும் மாணவர்கள் தொடக் கூடாது. எங்கள் பெட்டியின் மின்வழங்கிக்கு மூடி போட்டு, தரையிணைப்பு கொடுத்து, 5 வோல்ட் முனைகளை மட்டும் வெளியே கொண்டுவந்தோம். ஜாம்மா இணைப்பைத் தலைகீழாகச் செருகினால் போர்டு எரிந்துவிடும். 7 ஆம் முனையின் இடத்தில் உள்ள தடுப்பைப் பார்த்துச் செருக வேண்டும்.

அடுத்த ஆண்டு கண்காட்சியில் பெட்டி நடுவில் நின்றது. பக்கத்தில் பழைய 0.5 கம்பியை அட்டையில் ஒட்டி, '0.42 வோல்ட்டைத் தின்றது இதுதான்' என்று எழுதி வைத்திருந்தோம். அப்போது பதினொன்றாம் வகுப்பில் இருந்த அந்த மாணவன்தான் வந்தவர்களுக்கு விளக்கம் சொன்னான். ஆய்வகத்தில் ஏதாவது நின்றுவிட்டால் இப்போது நான் முதலில் கேட்பது "யார் தொட்டது?" என்பதல்ல. "எங்கே எவ்வளவு இருக்கிறது, அளந்து சொல்" என்பதுதான்.