மூன்று சட்டை, இரண்டு பேண்ட்: ஒரு கோடைக் கணக்கு

(இரண்டாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். "கோடை உடைகளைப் பற்றி எழுதுகிறேன்" என்றேன். பக்கத்தில் இருந்த நண்பன் சிரித்துவிட்டான். "உன்கிட்ட இருக்கிறதே மூணு சட்டை. அதுலயும் ஒண்ணு கைலித் துணி. நீ டிரெஸ் பத்தி எழுதப் போறியா?" என்றான். அவன் சொன்னது உண்மைதான். ஆனால் பீரோ நிறைய வைத்திருப்பவன் யோசிக்க வேண்டியதில்லை. மூன்றே மூன்று வைத்திருப்பவன்தான் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சம்பவம். மாசி மாதம், கல்லூரி விட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். பெரம்பலூர் – அரியலூர் ரோட்டோரம் கரிசல் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் எல்லோரும் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டியிருந்தார்கள். நம்ம ஊரில் தினமும் பார்க்கிற காட்சிதான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருவன், "அங்க பாருடா காம்பினேஷன! பூப்போட்ட சேலை, அதுக்கு மேல கட்டம் போட்ட சட்டை!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் பூப்போட்ட சேலை என் அம்மா.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அன்றைக்கு வாய் திறக்காமல் வந்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. பூவும் கட்டமும் சேரக்கூடாது என்று யார் சொன்னது? எது சேரும், எது சேராது என்பதற்கு விதி ஏதாவது இருக்கிறதா? நூலகத்தில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சரி, பாடத்துக்கு வருவோம்.

1. வெயிலும் துணியும்

வெள்ளை நிறம் ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு உள்ளே வாங்கிக்கொள்ளும். இது பள்ளிக்கூடப் பாடம். அப்படியானால் பாலைவனத்தில் வாழும் பெடூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள்? இதை வெயிலில் ஆளை நிறுத்தியே சோதித்துப் பார்த்து, 1980இல் 'நேச்சர்' என்ற விஞ்ஞான இதழில் எழுதினார்கள். கறுப்பு அங்கி கூடுதல் வெப்பத்தை வாங்கத்தான் செய்தது. ஆனால் உடம்புக்கு வந்து சேர்ந்த வெப்பம் இரண்டு அங்கியிலும் ஒன்றுதான்! காரணம், அங்கி தொளதொளவென்று இருந்தது. துணிக்கும் உடம்புக்கும் நடுவில் காற்று ஓடி, சூட்டை வெளியே கொண்டுபோய்விட்டது.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது, கோடையில் நிறத்தைப் போலவே தொளதொளப்பும் முக்கியம். உடம்பைப் பிடிக்கிற கறுப்பு டீ-ஷர்ட்தான் ஆகாது.

அடுத்தது நூல். சாதாரண ஈரப்பதத்தில் 100 கிராம் காய்ந்த பருத்தி சுமார் 8.5 கிராம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் பிடிப்பது 0.4 கிராம்தான். வியர்வையில் பாலியெஸ்டர் சட்டை முதுகில் ஒட்டுவது இதனால்தான். ஆனால் பருத்தி கசங்கும், அயர்ன் கேட்கும். ஹாஸ்டலில் இருப்பவர்கள் இரண்டும் கலந்த துணி வாங்குவதில் தப்பே இல்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மேலே சொன்ன தொளதொளப்பு ஒர்க்‌ஷாப்புக்குப் பொருந்தாது. லேத் ஓடும்போது தொங்குகிற கை, துப்பட்டா, தோளில் துண்டு எதுவும் கூடாது. சக்கில் மாட்டினால் துணியோடு கையும் போய்விடும்.

2. நிறங்களின் உறவுமுறை

நியூட்டன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் நிறங்களை ஒரு வட்டமாக வரைந்தார். பின்னால் ஓவியர்கள் தங்களுக்கென்று இப்படி வட்டங்கள் போட்டுக்கொண்டார்கள். அதில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை பங்காளி நிறங்கள்: நீலமும் பச்சையும், மஞ்சளும் ஆரஞ்சும். இவற்றைச் சேர்த்தால் கண்ணுக்கு அமைதி. எதிரெதிரே இருப்பவை சம்பந்தி நிறங்கள்: சிவப்பு – பச்சை, நீலம் – ஆரஞ்சு, மஞ்சள் – ஊதா. இவை பக்கத்தில் வந்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். ஆனால் இரண்டும் சரிபாதியாக இருந்தால் கண்ணைக் குத்தும். நம்ம பட்டுச் சேலையைப் பாருங்கள். உடல் முழுக்க ராமர் பச்சை, கரை மட்டும் அரக்கு. ஒன்று நிறைய, ஒன்று கொஞ்சம். அதனால்தான் எடுப்பாக இருக்கிறது.

பாரிஸ் நகரத்தில் கோப்ளான் என்ற அரசாங்க நெசவுக்கூடம் உண்டு. அங்கே சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் செவ்ரல் என்ற வேதியியலார். நெசவாளர்கள் அவரிடம், கறுப்புச் சாயம் சரியில்லை, மங்கலாகத் தெரிகிறது என்று புகார் சொன்னார்கள். அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை! பக்கத்தில் இருந்த நீலம்தான் கறுப்பை மங்க வைத்திருக்கிறது. பக்கத்து நிறத்தைப் பொறுத்து ஒரு நிறம் மாறித் தெரியும் என்பதை 1839இல் ஒரு பெரிய புத்தகமாகவே எழுதினார். கடை விளக்கில் நன்றாக இருந்த சட்டை வீட்டுக்கு வந்ததும் டல்லடிக்கிறதா? சட்டையைத் திட்டாதீர்கள். வெளிச்சம் மாறியிருக்கும், இல்லையென்றால் அதற்குப் பக்கத்தில் இருப்பது மாறியிருக்கும். அடுத்த தடவை உங்கள் பேண்டையே போட்டுக்கொண்டு போய், கடை வாசலில் பகல் வெளிச்சத்தில் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

இன்னொரு சுலபமான வழி. சட்டையையும் பேண்டையும் சேர்த்து செல்போனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த ஜோடி மந்தமாக இருக்கும். ஒன்று வெளிறி, ஒன்று அடர்ந்து தெரிந்தால் பாந்தமாக இருக்கும்.

நம்ம ஊருக்கு மட்டும் ஒரு விதி. அரியலூர் பக்கம் சிமெண்ட் லாரி ஓடுகிற ரோட்டில் வருகிறவர்களுக்குத் தெரியும், காலையில் கறுப்பாக இருந்த பேண்ட் சாயங்காலம் சாம்பலாகிவிடும். மண் நிறமும் சாம்பல் நிறமும் புழுதியைக் காட்டாது. ஆனால் சட்டை இளஞ்சாம்பலாக இருந்தால் அக்குள் வியர்வை அப்படியே தெரியும். அதற்கு வெள்ளை பரவாயில்லை.

3. கட்டம், கோடு, பூ

டிசைன் போட்ட இரண்டு துணிகளைச் சேர்த்துப் போடலாமா? போடலாம். மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும்.

ஒன்று, அளவு. பெரிய பூவும் பெரிய கட்டமும் மோதும். ஒன்று பெரியது, இன்னொன்று பொடியாக இருந்தால் பெரியது பேசும், சின்னது கேட்கும்.

இரண்டு, பொது நிறம். இரண்டிலும் ஏதாவது ஒரு நிறம் ஒன்றாக இருக்க வேண்டும். இதுதான் ரொம்ப முக்கியம்.

மூன்று, ஓய்வு. எங்காவது ஒரு இடம் பிளெயினாக இருக்க வேண்டும், பேண்டோ துப்பட்டாவோ துண்டோ. கண் உட்கார ஒரு திண்ணை வேண்டும் அல்லவா?

குறுக்குக் கோடு போட்டால் குண்டாகத் தெரியும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருக்கிறார். முழுக்கக் குறுக்குக் கோடு போட்ட சதுரம் உயரமாகத்தான் தெரியும். நோட்டில் ஒரே அளவில் இரண்டு சதுரம் போட்டு, ஒன்றில் குறுக்காகவும் ஒன்றில் நெடுக்காகவும் கோடு போட்டுப் பாருங்கள். ஆகவே பிடித்த கோட்டைத் தைரியமாகப் போடலாம்.

கட்டத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பாவு நூல் நீலம், ஊடை நூல் மஞ்சள் என்றால், இரண்டும் சந்திக்கிற இடம் தூரத்திலிருந்து பச்சை சாய்ந்து தெரியும். இரண்டு நூலில் மூன்று நிறம்! ஆகவே கட்டச் சட்டைக்குப் பேண்ட் தேடி அலைய வேண்டாம். அந்தக் கட்டத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது. அதில் உள்ள அடர்ந்த நிறத்தில் பேண்ட் போட்டால் சரியாகிவிடும்.

4. கைலிக் கட்டம் உலகம் சுற்றிய கதை

என் மூன்றாவது சட்டை, சந்தையில் அப்பா வாங்கிய கட் பீஸில் தைத்தது. கருநீலம், மஞ்சள், அரக்கு கலந்த கட்டம். "என்ன, கைலியக் கிழிச்சுத் தைச்சியா?" என்று கேட்டதிலிருந்து அதைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். அந்தக் கட்டத்தின் வரலாற்றைப் படித்த பிறகுதான் வெட்கப்பட்டேன்.

உலகம் முழுக்க அதற்கு 'மெட்ராஸ்' என்றே பெயர். 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வியாபாரி, கிருஷ்ணன் நாயர் என்பவரிடம் இந்தத் துணியை வாங்கினார். பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய அதே கிருஷ்ணன் நாயர்தான். நியூயார்க்கின் பெரிய கடையான புரூக்ஸ் பிரதர்ஸில் அது கோடை உடையாக விற்றது. துவைத்ததும் சாயம் போனது. வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். வியாபாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? சாயம் போவதற்கு நாங்கள் உத்தரவாதம் என்று விளம்பரமே செய்துவிட்டார்கள்! ஒவ்வொரு சலவையிலும் நிறம் கலந்து புதிதாகும் என்றதும், குறையே ஃபேஷன் ஆகிவிட்டது. (நாம் அப்படித் தப்பிக்க முடியாது. புதுத் துணியின் உள்மடிப்பில் ஈரமான வெள்ளைத் துணியைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, சாயம் ஒட்டினால் தனியாகத் துவைக்கவும்.)

இதைவிட எனக்குப் பிடித்தது ஆப்பிரிக்கக் கதை. நைஜீரியாவின் ஆற்றுக் கழிமுகத்தில் கலபாரி என்ற மக்கள் இருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து போன கட்டத் துணி அவர்களுக்கு ரொம்ப மதிப்பானது. அங்கே பெண்கள் அந்தத் துணியை விரித்து வைத்து, பிளேடால் குறிப்பிட்ட நிற நூல்களை மட்டும் பொறுமையாக வெட்டி உருவிவிடுவார்கள். மிச்சம் நிற்கிற நூலில் புது டிசைன் வந்துவிடும். அதற்குப் பெலெட்டே பிட்டே என்று பெயர். நெய்தது நம்ம ஆட்கள். வெட்டிய பிறகு அது கலபாரித் துணி. ஸ்டைல் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. கையில் இருப்பதைத் தெரிந்து மாற்றித் தனதாக்கிக்கொள்வதுதான் ஸ்டைல்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய காரைக்குடிக் கண்டாங்கியும் கட்டம்தான். நம்ம பாட்டிகள் அதை ஃபேஷன் என்று நினைத்துக் கட்டவில்லை. வெயிலுக்கு ஏற்ற பருத்தி, அழுக்குத் தாங்கும் நிறம் என்று கட்டினார்கள்.

5. கணக்கு

என் சட்டைகள்: வெள்ளை, வானநீலம், கட்டம். பேண்ட்: கருநீலம், மண் நிறம். 3 × 2 = 6. வாரத்தில் ஆறு நாளும் வேறு வேறு ஜோடி! தோழியருக்கு இன்னும் லாபம். மூன்று டாப்ஸ், இரண்டு பேண்ட், இரண்டு துப்பட்டா என்றால் 3 × 2 × 2 = 12.

ஆனால் ஒரு நிபந்தனை. எல்லாம் எல்லாவற்றோடும் சேர வேண்டும். எனவே தீபாவளிக்கோ பொங்கலுக்கோ புதுச் சட்டை எடுக்கும்போது கடையில் ஒரே கேள்வி கேளுங்கள்: இது என் இரண்டு பேண்டோடும் சேருமா? சேர்ந்தால் கணக்கில் இரண்டு கூடும். எதோடும் சேராத பளபளப்புச் சட்டை எடுத்தால் ஒன்றும் கூடாது. அதற்கு ஒரு பேண்ட் வேறு வாங்க வேண்டி வரும். அப்பா, அம்மா கூலிக் காசில் வாங்குகிறவர்கள் இந்தப் பெருக்கலை மறக்கக் கூடாது.

6. கடைசிப் பாடம்

இவ்வளவும் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போனேன். அம்மா அதே பூப்போட்ட சேலை, அதே கட்டச் சட்டையில் இருந்தார்கள். "எதுக்கும்மா சேலை மேல சட்டை?" என்று தெரியாதவன் மாதிரி கேட்டேன்.

"காய்ஞ்ச காய் ஓடு கையக் கிழிக்கும்ல? முழுக்கைன்னா வெயிலும் ஏறாது. தொளதொளன்னு இருந்தா காத்து போகும்."

நேச்சர் இதழில் படித்தது, எங்கள் காட்டில் நின்றுகொண்டிருந்தது!

"அப்பா சட்டை நாலு கிடக்கே, அதுல ஏன் இத எடுத்தீங்க?"

அம்மா கொஞ்சம் வெட்கப்பட்டார்கள். சட்டையின் மடிப்பைப் பிடித்துக் காட்டினார்கள். "இதுல அரக்குக் கோடு ஓடுது பாரு. சேலையில பூவும் அரக்குதான். பாந்தமா இருக்கும்னு எடுத்துப் போட்டேன்."

பொது நிறம்! பெரிய பூ, சின்னக் கட்டம், தலையில் பிளெயின் துண்டு. நான் மூன்று வாரம் தேடிய மூன்று விதியும் அங்கே இருந்தது. பருத்திக் காட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அம்மா நினைக்கவில்லை. பஸ்ஸில் இருந்து பார்த்தவர்கள்தான் பார்க்கத் தெரியாமல் சிரித்தோம்.

திங்கட்கிழமை கட்டச் சட்டையைப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். சாயங்காலம் அந்தக் காட்டை பஸ் தாண்டும்போது நண்பனைத் தட்டி, "அன்னைக்குப் பார்த்தியே காம்பினேஷன், அது எங்க அம்மா" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எங்க அம்மாவும் களை வெட்டப் போறப்ப அப்பா சட்டைதான்டா போடும்" என்றான்.

நண்பர்களே, இந்தக் கோடையில் பெட்டியைத் திறந்து இருப்பதையெல்லாம் கட்டிலில் பரப்பி வையுங்கள். பெருக்கிப் பாருங்கள். புதுசு வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம்.