பேரரசின் வீழ்ச்சியும் வாசகர் ஏற்பும்: அசிமோவின் ‘பவுண்டேஷன்’

ஐசக் அசிமோவின் ‘பவுண்டேஷன்’ (1951) புதினம், விண்மீன் பேரரசின் வீழ்ச்சியைத் தவிர்க்க இயலாததாகவும், அதன்பின் வரும் 30,000 ஆண்டு இருண்ட காலத்தை 1,000 ஆண்டுகளாகக் குறைக்க இயலுவதாகவும் காட்டுகிறது. இவ்விரண்டனுள் எதனைப் பற்றுகிறார் என்பதற்கேற்ப வாசகரின் ஏற்பு வேறுபடுகிறது. பொருளியலறிஞர் பால் குருக்மன் பின்னதைப் பற்றியவர். சமூகத்தின் போக்கைக் கணிக்கும் இப்புதினத்தின் கற்பனை அறிவியலே தம்மைப் பொருளியலின்பால் ஈர்த்ததாகக் கூறியுள்ளார்.

வீழ்ச்சிக் கதையைக் கேட்போர் அதன் முடிவை மாற்றிக்கொள்வதும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரை எதிர்த்த நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் கதையைச் சங்கரன்கோவில் வட்டார வாய்மொழி வழக்கு தோல்வியோடு முடிப்பதில்லை. அவர் சங்கரநாராயணர் கோயிலுள் புகுந்து மறைந்தார் என்றே உரைக்கிறது. எனவே, வீழ்ச்சிக்குப்பின் எஞ்சுவது யாது என்னும் வினாவே இத்தகு கதைகளின் ஏற்பைத் தீர்மானிக்கிறது என்பது பெறப்படும்.