எழுதிக் கிழித்துப் போட்டாலும் பலன் உண்டா?

கேள்வி: எனக்கு வயது 47. போன வருஷம் வலது மார்பை எடுத்துவிட்டார்கள். கக்கத்திலும் கட்டியை எடுத்தார்கள். கீமோ, கரண்ட் எல்லாம் முடிந்து, இப்போது ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. பீடி சுற்றும்போது கை அது பாட்டுக்குச் சுற்றுகிறது, மனசு எங்கேயோ போய்விடுகிறது. வீட்டில் பேச்செடுத்தால், "அதான் சரியாயிட்டே, இன்னும் என்ன?" என்கிறார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதால் வெளியே மூச்சு விடக்கூடாது என்பது அத்தையின் உத்தரவு. மனசில் இருப்பதை ஒரு நோட்டில் எழுது என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் அக்கா சொன்னாள். நான் எட்டாவது வரைதான் படித்தேன். எழுதினால் பாரம் குறையுமா? யார் கையிலாவது சிக்கினால் என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், சேரன்மகாதேவி

பதில்: குறைய வாய்ப்பு உண்டு, சகோதரி. மற்றவர்களைவிட உங்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. காரணத்தைச் சொல்கிறேன்.

மனக்கஷ்டத்தை எழுதுவதால் என்ன ஆகிறது என்று 1986இல் ஆராய்ந்து எழுதியவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர். கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்குக் கால் மணி நேரம் எழுத வைத்தார். தங்களை உலுக்கிய சம்பவத்தையும் அதில் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் டாக்டரிடம் போனது குறைந்தது. 2002இல் ஆனெட் ஸ்டான்டன் குழுவினர் இதையே மார்பகப் புற்றுநோயின் ஆரம்ப நிலையில் இருந்த 60 பெண்களிடம் செய்து பார்த்தார்கள். மனசில் உள்ளதைக் கொட்டி எழுதியவர்களுக்கு மூன்று மாதம் கழித்து உடம்புத் தொந்தரவுகள் குறைந்திருந்தன. ஆனால் டென்மார்க்கில் 500க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே இதைச் சஞ்சீவி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நோயை இது குணப்படுத்தாது. மாத்திரையும் செக்கப்பும் அதுபாட்டுக்கு நடக்க வேண்டும்.

பிறகு ஏன் உங்களுக்கு வாய்ப்பு அதிகம் என்கிறேன்? நோய் பரவிய நிலையில் இருந்த பெண்களிடம் 2010இல் ஓர் ஆய்வு நடந்தது. அங்கேயும் மொத்தத்தில் பலன் தெரியவில்லை. ஆனால் மனசு விட்டுப் பேச ஆள் இல்லாத பெண்கள் எழுதியபோது, வேண்டாத நினைப்புகள் வந்து மோதுவது குறைந்தது. பேச ஆள் இருக்கிறவளுக்கு நோட்டு எதற்கு? உங்கள் வீட்டிலோ வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவே போட்டிருக்கிறார்கள்.

எட்டாவது படிப்பு தாராளம். ஒற்றெழுத்து விட்டுப்போனால் போகட்டும், நீங்கள் பேசுகிறபடியே எழுதுங்கள். நான்கைந்து நாள், நாளுக்குக் கால் மணி நேரம் போதும். "நான் ரொம்பக் கஷ்டப்பட்டேன்" என்று எழுதினால் அதற்கு மேல் பேனா நகராது. நடந்த ஒன்றைப் பிடியுங்கள். உதாரணத்துக்கு, "கரண்ட் வைக்கப் போகும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள், ஆஸ்பத்திரியில யாருக்குன்னு கேட்டா. எங்க அக்காவுக்குன்னு சொல்லிட்டேன்." இங்கே நிறுத்தாதீர்கள். ஏன் அப்படிச் சொன்னேன், அப்போது நெஞ்சில் என்ன ஓடியது, இப்போது நினைத்தால் எப்படி இருக்கிறது என்று தொடருங்கள். எழுத்தால் தேறியவர்களின் தாள்களைப் பிறகு சொல் சொல்லாக எண்ணிப் பார்த்தார்கள். நாளாக ஆக "அதனாலதான்", "இப்பத்தான் புரியுது" மாதிரியான சொற்கள் அவர்களிடம் கூடிக்கொண்டே போயிருந்தன. ஒரே புலம்பலையே நாலு நாளும் திருப்பி எழுதுவதில் அவ்வளவு பலன் இல்லை.

முதல் இரண்டு நாள் எழுதி முடித்ததும் மனசு இன்னும் கனக்கும், அழுகையும் வரலாம். பென்னிபேக்கரின் மாணவர்களுக்கே அப்படித்தான் இருந்தது. அதனால் படுக்கப் போகிற நேரத்தில் எழுத வேண்டாம், சாயங்காலம் எழுதுங்கள். ஃபேனி பர்னி என்ற ஆங்கில நாவலாசிரியைக்கு 1811இல் பாரீஸில், மயக்க மருந்தே வராத காலத்தில், மார்பை அறுத்து எடுத்தார்கள். அதை அக்காவுக்குக் கடிதமாக எழுதி முடிக்க அவருக்கு மாதக்கணக்கானது. எழுதியதைத் திரும்பப் படிக்கவும் அவருக்குத் தெம்பு இல்லை. எழுத்தே தொழிலாக இருந்தவர் பாடு அது. நீங்களும் திருப்பிப் படிக்க வேண்டியதில்லை.

சிக்கிவிடும் என்ற பயத்துக்கு வழி சுலபம். நோட்டு வேண்டாம், தனித்தாளில் எழுதுங்கள். எழுதியதும் கிழித்து வெந்நீர் அடுப்பில் போடுங்கள். பலன் எழுதும்போதே வருவது, தாளைப் பாதுகாப்பதால் வருவதில்லை. செல்போனில் பேசிப் பதிவு செய்து அழித்தாலும் சரி, ஆனால் அழித்தோமா என்று இரண்டு தரம் பாருங்கள்.

"நல்லதையே நினை" என்று வருவோர் போவோர் சொல்லும் புத்திமதி எனக்குப் பிடிக்காது. பயப்படுகிறவளை அது குற்றவாளி ஆக்கிவிடுகிறது. ஆனால் ஸ்டான்டன் ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நோயை நினைக்கவே விரும்பாத பெண்களுக்கு, அந்த நாட்களில் கிடைத்த நல்லதை எழுதுவதுதான் ஒத்துப்போனது. முதல் தாள் உங்களைப் போட்டு அமுக்கினால், கீமோ நாளில் கஞ்சி கொண்டுவந்தவர்களைப் பற்றி எழுதுங்கள். அதுவும் ஆகவில்லையென்றால் விட்டுவிடுங்கள், எல்லோருக்கும் இது ஒத்துவராது. இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமில்லாமலே போனாலோ, இருந்து என்ன பயன் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தாலோ, காத்திருக்காமல் 14416க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, காசில்லை, தமிழிலேயே பேசலாம். உங்கள் மாவட்டத்து ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவும் உண்டு.

அத்தையிடம் ஒன்று சொல்லுங்கள். மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான். உங்களுக்கு வந்ததால் மகளுக்கும் வந்தே தீரும் என்பதில்லை. அம்மா வழியிலோ அப்பா வழியிலோ வேறு யாருக்காவது இளவயதில் வந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத விஷயம் ஒன்று. கக்கத்தில் அறுவை நடந்த கை வீங்கக்கூடும். கால் மணி நேர எழுத்தால் ஒன்றும் ஆகாது, நாள் முழுக்க முறத்தை மடியில் வைத்துக் குனிந்து சுற்றுவதுதான் கவலை. வளையல் இறுக்கினாலோ கை கனத்தாலோ உடனே காட்டுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பீடி வரை சுற்றலாம், கைக்கு என்ன பயிற்சி செய்யலாம் என்று அடுத்த செக்கப்பில் கேட்டு வாருங்கள்.