கார்டுலெஸ் இம்பாக்ட் ரென்ச்: அட்டைப்பெட்டி எண்ணை நம்பி வாங்கலாமா?

கம்ப்யூட்டர் இதழில் நட் கழற்றும் கருவிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். லேப்டாப்பில் இருக்கும் லித்தியம் அயன் செல், சிபியூ ஃபேனில் இருக்கும் பிரஷ்லெஸ் மோட்டார், அதை ஓட்டும் சின்ன சர்க்யூட் போர்டு ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் கார்டுலெஸ் இம்பாக்ட் ரென்ச். எனவே நமக்குத் தெரிந்த கணக்குகளை வைத்தே இதைத் தேர்ந்தெடுத்துவிடலாம். வீட்டில் காரோ பைக்கோ வைத்துக்கொண்டு, சக்கரம் கழற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது போன்ற வேலைகளைத் தாமே செய்பவர்களுக்காக இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

இது எப்படி வேலை செய்கிறது?

டயர் கடையில் 'டர்ர்ர்' என்ற சத்தத்துடன் நட்டைக் கழற்றும் ஏர் கன்னைப் பார்த்திருப்பீர்கள். அது கம்ப்ரஸர் காற்றில் ஓடுகிறது. நாம் பார்க்கப் போவது அதே வேலையை பேட்டரியில் செய்வது.

டிரில்லிங் மெஷினும் சுற்றுகிறது, இதுவும் சுற்றுகிறது. என்ன வித்தியாசம்? டிரில்லிங் மெஷின் ஒரே சீராகத் திருகுகிறது. நட் இறுக்கமாக இருந்தால் மெஷினே திரும்பி உங்கள் மணிக்கட்டை முறுக்கிவிடும். இம்பாக்ட் ரென்ச்சின் உள்ளே ஒரு சுத்தியல், ஒரு பட்டடை, ஒரு ஸ்பிரிங் இருக்கின்றன. நட் அசைய மறுத்தால் சுத்தியல் ஸ்பிரிங்கை அழுத்திப் பின்வாங்கி, பட்டடையைத் தாண்டிக் குதித்து, பக்கவாட்டில் ஓங்கி அடிக்கிறது. நிமிடத்துக்கு 2000, 3000 முறை இப்படி அடிப்பதால் நட் இளகுகிறது. அடி நட்டுக்குப் போகிறது. கைக்கு வருவது அதிர்வு மட்டுமே.

கடையில் இதேபோன்ற தோற்றத்தில் இம்பாக்ட் டிரைவர் என்று ஒன்றும் கிடைக்கும். அதன் முனை 1/4 இஞ்ச் அறுகோணத் துளை. அது ஸ்க்ரூ போடுவதற்கானது. நமக்கு வேண்டியது முனையில் சதுரக் கட்டை உள்ள ரென்ச். பெயரைக் கேட்டு மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

முதலில் உங்கள் நட்டைப் பாருங்கள்

பலரும் கருவியில் தொடங்குகிறார்கள். நான் நட்டில் தொடங்கச் சொல்கிறேன். முறுக்கு விசையை (டார்க்) நியூட்டன் மீட்டரில் அளப்பார்கள். சிறிய, நடுத்தரக் கார்களின் சக்கர நட்டை இறுக்கவேண்டிய அளவு பெரும்பாலும் 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் காருக்குரிய சரியான எண்ணை காரின் கையேட்டில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாக்கெட் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். மாருதி கார்கள் பலவற்றில் 19 மி.மீ., ஹூண்டாய், டொயோட்டா கார்கள் பலவற்றில் 21 மி.மீ.

இந்த எண் எவ்வளவு பெரியது? 30 செ.மீ. நீளமுள்ள வீல் ஸ்பேனரின் நுனியில் 40 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால் ஏறக்குறைய 120 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். அதாவது கையால் செய்யக்கூடிய வேலைதான்.

ஆனால் இறுக்கிய அளவிலேயே நட் கழன்று வராது. துரு, மண், மழைநீர் எல்லாம் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். முன்பு யாராவது அளவுக்கு மீறி இறுக்கியும் இருக்கலாம். எனவே கழற்றுவதற்கு இரண்டு, மூன்று மடங்கு விசை கையிருப்பில் இருந்தால் நல்லது. ஆக, வீட்டுக் காருக்கு உண்மையான 300 முதல் 400 நியூட்டன் மீட்டர் கருவி தாராளம். 1000, 1500 எல்லாம் லாரிப் பட்டறைக்கு. அதை வாங்கினால் எடையும் விலையும்தான் கூடும்.

ஒரு கருவி, இரண்டு எண்கள்

தயாரிப்பாளர்கள் இரண்டு விதமான டார்க்கைச் சொல்வார்கள். ஒன்று இறுக்கும் டார்க். மற்றொன்று கழற்றும் டார்க். 'நட் பஸ்டிங்' அல்லது 'பிரேக்அவே' என்று எழுதியிருப்பார்கள். இரண்டாவது எப்போதும் பெரிய எண். உதாரணமாக, பாஷ் ஜிடிஎஸ் 18வி-400 மாடலுக்கு இறுக்கும் டார்க் 400, கழற்றும் டார்க் 600. மகிடா டிடிடபிள்யூ300 மாடலுக்கு 330, 580. ஒரு கம்பெனியின் 580-ஐ இன்னொரு கம்பெனியின் 400-உடன் ஒப்பிட்டால் தவறான முடிவுதான் கிடைக்கும். இறுக்கும் டார்க்கை இறுக்கும் டார்க்குடன் மட்டுமே ஒப்பிடுங்கள்.

அமெரிக்க விளம்பரங்களில் எண் பவுண்டு-அடியில் இருக்கும். அதை 1.36 ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர். கிலோகிராம்-மீட்டரில் இருந்தால் ஏறக்குறைய 10 ஆல் பெருக்குங்கள்.

வோல்ட் விளையாட்டு

2000-களில் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் வாங்கியவர்களுக்கு பி.எம்.பி.ஓ. நினைவிருக்கும். உள்ளங்கை அளவு ஸ்பீக்கரின் பெட்டியில் 1000 வாட்ஸ் என்று அச்சடித்திருப்பார்கள்! அதே விளையாட்டு இப்போது பேட்டரி கருவிகளில் நடக்கிறது.

ஒரு லித்தியம் அயன் செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். ஐந்து செல்லை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட். அதே செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும். ஐந்து செல்லுக்கு 21 வோல்ட். ஆக, ஒரு பெட்டியில் 18, இன்னொன்றில் '20 மேக்ஸ்', மூன்றாவதில் 21 என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே ஐந்து செல்தான். 21 என்பதால் அதிக பலம் என்று அர்த்தமில்லை.

அடுத்து 88 விஎஃப், 128 விஎஃப் போன்ற எழுத்துகள். கடைசியில் ஒரு 'எஃப்' ஒட்டியிருப்பதைக் கவனியுங்கள். இவை வோல்ட் அல்ல, வெறும் மாடல் பெயர்கள். பேட்டரியின் அடியிலோ, சார்ஜரின் மீதோ உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். சார்ஜர் அவுட்புட் 21 வோல்ட் என்று இருந்தால் அதுவும் ஐந்து செல் பேட்டரிதான்.

ஆம்பியர் கணக்கு

பேட்டரியின் கொள்ளளவை ஆம்பியர்-ஹவரில் (ஏ.எச்.) சொல்வார்கள். இந்தக் கருவிகளில் அதிகம் பயன்படுவது 18650 செல். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் என்பதால் அந்தப் பெயர். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்தவர்கள் பார்த்திருப்பீர்கள். இந்த அளவு செல்லில் பொதுவாக சுமார் 3.5 ஏ.எச். வரைதான் அடைக்க முடிகிறது. அதிக கரண்ட் தரும் கருவி செல்களில் 2 முதல் 3 ஏ.எச்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஐந்து செல் மட்டும் இருந்தால் 2 முதல் 3 ஏ.எச். இரண்டு வரிசையாகப் பத்து செல் இருந்தால் 4 முதல் 6 ஏ.எச். அப்படியானால் பத்து 18650 செல் உள்ள பேட்டரியில் '15000 எம்.ஏ.எச்.' எப்படி வரும்? வரவே வராது. ஒரு செல்லின் எடை சுமார் 45 கிராம். பத்து செல் என்றால் செல்கள் மட்டுமே 450 கிராம். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வோல்ட்டையும் ஏ.எச்.சையும் பெருக்கினால் வாட்-ஹவர். 18 வோல்ட், 5 ஏ.எச். என்றால் 90 வாட்-ஹவர். பல லேப்டாப்களின் பேட்டரியை விட இது அதிகம். நான்கு சக்கரங்களையும் கழற்றி மாட்ட 4 ஏ.எச். பேட்டரி போதும், மிச்சமும் இருக்கும்.

'லேப்டாப் செல்களைக் கழற்றி இதில் போடலாமா?' என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். லேப்டாப் செல்கள் மெதுவாக, நீண்ட நேரம் கரண்ட் தருவதற்கானவை. இம்பாக்ட் ரென்ச் சில நொடிகளில் பெரும் கரண்ட்டை இழுக்கும். செல் சூடாகும், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

இன்னொன்று. பிரின்டர் மலிவாகக் கிடைத்து, கார்ட்ரிட்ஜ் விலையில் மாட்டிக்கொள்ளும் கதை உங்களுக்குத் தெரியும். இங்கே கார்ட்ரிட்ஜ் இடத்தில் பேட்டரி. ஒரு கம்பெனியின் பேட்டரி பொதுவாக மற்றொன்றில் பொருந்தாது. உங்களிடம் ஏற்கெனவே 18 வோல்ட் டிரில்லிங் மெஷின் இருந்தால், அதே கம்பெனியின் அதே பேட்டரி வரிசையில், பேட்டரி இல்லாமல் விற்கும் ரென்ச்சை வாங்குவது லாபம். புதிதாக வாங்குபவர்கள், தனி பேட்டரி உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

பிரஷ்லெஸ் அவசியமா?

சாதாரண மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசி மின்சாரத்தைக் கொண்டுசெல்லும். உரசலில் சூடும் தேய்மானமும் உண்டு. பிரஷ்லெஸ் மோட்டாரில் உரசல் கிடையாது. எந்தக் காயிலுக்கு எப்போது மின்சாரம் என்பதை எலெக்ட்ரானிக் சர்க்யூட் தீர்மானிக்கும். உங்கள் சிபியூ ஃபேன் வருடக்கணக்கில் ஓடுவது இதனால்தான். அதே பேட்டரியில் அதிக வேலை, சிறிய உருவம், வேகத்தைக் கட்டுப்படுத்தும் வசதி ஆகியவை கிடைக்கும். விலை வித்தியாசம் தாங்குமென்றால் பிரஷ்லெஸ்ஸையே வாங்குங்கள்.

நட் கழன்றவுடன் தானாக நிற்கும் 'ஆட்டோ ஸ்டாப்' இருந்தால் நட் தெறித்து ஓடாது.

டிரைவ், சாக்கெட்

முனைச் சதுரம் 3/8, 1/2, 3/4 இஞ்ச் அளவுகளில் வரும். காருக்கு 1/2 இஞ்ச்.

சாக்கெட்டில் சிக்கனம் பார்க்கக் கூடாது. கையால் திருகும் பளபளப்பான குரோம் சாக்கெட்டை இதில் மாட்டவே கூடாது. அது கடினமானது, தொடர் அடியில் விரிசல் விட்டுச் சில்லாகத் தெறிக்கலாம். கறுப்பு நிறத்தில், தடித்த சுவருடன் வரும் ஆறுமுனை இம்பாக்ட் சாக்கெட்டை வாங்குங்கள். அலாய் வீல் உள்ளவர்கள், நட் குழிக்குள் சுவரில் உரசாமல் போகும் மெல்லிய சுவருள்ள இம்பாக்ட் சாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள்.

இது கழற்றத்தான், இறுக்க அல்ல

இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இம்பாக்ட் ரென்ச்சால் எவ்வளவு இறுக்கினோம் என்பது யாருக்கும் தெரியாது. 1, 2, 3 என்று மோட் இருந்தாலும் அது அடியின் வேகம்தானே தவிர, அளந்து தரும் டார்க் அல்ல.

குறைவாக இறுக்கினால் ஓடும்போது நட் இளகிச் சக்கரம் ஆடும். அதிகமாக இறுக்கினால் ஸ்டட் நீண்டு பலவீனமாகி, ஒருநாள் முறியும். நடுவழியில் பஞ்சர் ஆனால் காருடன் வந்த சிறிய ஸ்பேனரால் கழற்றவும் முடியாது. ஒரு டயர் கடையில் ஏர் கன்னால் இறுக்கித் தந்த என் கார் நட்டுகளை வீட்டுக்கு வந்து சோதித்தபோது, ஸ்பேனர் மீது ஏறி நின்றும் இரண்டு நட் அசையவில்லை. ராத்திரி நேரத்தில், குடும்பத்துடன் நெடுஞ்சாலையில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதிலிருந்து, வெளியில் சக்கரம் கழற்றப்பட்டால் வீட்டில் ஒருமுறை தளர்த்தி, அளந்து இறுக்குவதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.

நான் செய்யும் முறை இதுதான்:

1. சமதளத்தில் கார், ஹேண்ட் பிரேக், எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் அல்லது கட்டை.
2. ஜாக்கியால் தூக்கிய பிறகு ஜாக் ஸ்டாண்ட். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் போகக் கூடாது.
3. கண்ணாடி அணிந்து, காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு, ரென்ச்சால் நட்டுகளைக் கழற்றுதல்.
4. மாட்டும்போது ஒவ்வொரு நட்டையும் மூன்று, நான்கு சுற்று கையால் ஏற்றுதல். மரை தப்பினால் கையிலேயே தெரிந்துவிடும்.
5. எதிரெதிர் நட்டுகளாக, ஸ்பேனரால் மிதமாக இறுக்குதல்.
6. சக்கரம் தரையைத் தொட்டதும் டார்க் ரென்ச்சில் கையேட்டு எண்ணை வைத்து, அதே வரிசையில் 'கிளிக்' சத்தம் வரும்வரை இறுக்குதல்.
7. 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை சோதித்தல்.

எனவே பட்ஜெட் போடும்போது இம்பாக்ட் ரென்ச், சாக்கெட், டார்க் ரென்ச் என மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். பணம் போதவில்லை என்றால் முதலில் டார்க் ரென்ச். இம்பாக்ட் ரென்ச் பிறகு வரட்டும்.

பைக், ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளட்ச் நட், ஸ்கூட்டர் வேரியேட்டர் நட் கழற்ற இது அருமையான கருவி. ஆனால் 6 மி.மீ. போல்ட்டை இறுக்கச் சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான் தேவை. அதிலும், ஸ்பார்க் பிளக்கிலும், ஆயில் டிரெயின் போல்ட்டிலும் இதைக் கொண்டுபோனால் அலுமினிய மரை போய்விடும்.

யாருக்குத் தேவையில்லை?

வருடத்தில் ஓரிரு முறை மட்டும் சக்கரம் கழற்றுபவருக்கு இது வேண்டியதில்லை. 60 செ.மீ. நீளமுள்ள பிரேக்கர் பார் ஒன்று வாங்கினால், அதே 40 கிலோ அழுத்தத்தில் 240 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். விலை மிகக் குறைவு, சார்ஜும் வேண்டாம். கார் டிக்கியில் நான் வைத்திருப்பதும் அதுதான். வெயிலில் நிற்கும் காரின் சூட்டில் லித்தியம் பேட்டரியை விட்டுவைக்கக் கூடாது. வீட்டிலும் பேட்டரியைப் பாதி சார்ஜில், நிழலான இடத்தில் வையுங்கள்.

வாங்கும் முன் கேட்கவேண்டியவை

- என் காரின் நட் டார்க் எவ்வளவு? சாக்கெட் அளவு என்ன?
- பெட்டியில் உள்ளது இறுக்கும் டார்க்கா, கழற்றும் டார்க்கா?
- பேட்டரியில் எத்தனை செல்? எடை எவ்வளவு?
- பிரஷ்லெஸ் மோட்டாரா?
- தனி பேட்டரியும் சர்வீஸும் உள்ளூரில் உண்டா?
- டார்க் ரென்ச் கையில் இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்பது பதிலானால், முதலில் அதை வாங்கிவிட்டு வாருங்கள்.