உறுமுகிற நாயை அடிக்காதீர்கள்

கிண்ணத்தில் சோறு வைத்ததும் நாய் தலையைக் கவிழ்த்துத் தின்கிறது. யாராவது பக்கத்தில் போனால் தொண்டைக்குள் உறுமுகிறது. "சோறு போட்ட கைக்கே பல்லைக் காட்டுறியா?" என்று முதுகில் ஓர் அடி விழுகிறது, கிண்ணமும் பறிபோகிறது. நாலைந்து முறை இப்படி நடந்தால் பல நாய்கள் உறுமுவதை நிறுத்திவிடும், வீட்டாரும் அது திருந்திவிட்டதாக நினைப்பார்கள். உண்மையில் நின்றுபோனது உறுமல் மட்டும்தான். சாப்பாடு போய்விடுமே என்ற பயம் அப்படியே இருக்கிறது; அதை வெளியே சொல்ல இருந்த தெளிவான வழியை நாம் அடைத்துவிட்டோம். "சும்மா இருந்த நாய் திடீர்னு கடிச்சிடுச்சு" என்று சொல்லப்படும் கடிகளில் பலவற்றுக்கும் பின்னால் இப்படி அடக்கப்பட்ட எச்சரிக்கை இருக்கும். எனவே உறுமலை விட்டுவையுங்கள். உறுமவைக்கும் பயத்தைப் போக்குங்கள்.

அடித்தால் அடங்கும் என்ற நம்பிக்கையை ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நாய்களின் நடத்தைச் சிக்கல்களுக்கான சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 140 பேரிடம் கேட்டுத் திரட்டிய ஆய்வு 2009இல் வெளியானது. நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேருக்கு அது மூர்க்கத்தையே திருப்பிக் கொடுத்தது. வாயிலிருந்து பொருளைப் பிடுங்கியவர்களில் 39 சதவீதம் பேருக்கும், மல்லாக்கப் புரட்டி அழுத்தியவர்களில் 31 சதவீதம் பேருக்கும் அதே கதிதான். அவையெல்லாம் ஏற்கெனவே தொந்தரவு கொடுத்த நாய்கள்தானே என்று கேட்கலாம். ஆமாம், உங்கள் வீட்டில் கிண்ணத்தைக் காத்துக்கொண்டு உறுமுவதும் அந்த ரகம்தான், அதனால்தான் இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்துகிறது. 'நாய் தன்னைக் கூட்டத்தலைவன் என்று நினைக்கிறது, நாம்தான் தலைவன் என்று காட்ட வேண்டும்' என்ற வாதமும் நிற்காது. அது 1940களில் அடைத்துவைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து வந்தது. அந்தக் கருத்தை 1970இல் தன் நூலின் மூலம் பரப்பிய ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மீச், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், குட்டிகள் அடங்கிய குடும்பம்தான் என்று 1999இல் எழுதினார். தன் பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தையும் கேட்டுக்கொண்டார்.

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் சீழ், பல்வலி, இடுப்பு மூட்டு வலி என்று எது இருந்தாலும் சாதுவான நாயும் உறுமும். வலிக்கு மருந்துதான் வைத்தியம், பயிற்சி இல்லை. அடுத்து, கிண்ணம் இருக்கும் இடத்தை மாற்றுங்கள். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே ஆள் நடமாடும் வழியில் சோறு வைத்துவிட்டு, நாய் உறுமுகிறது என்று குறைப்படுவதில் நியாயமே இல்லை. யாரும் குறுக்கே போகாத இடம் வேண்டும். இரண்டு நாய் இருந்தால் இரண்டு அறை.

இனி வருவதுதான் பலரும் சறுக்கும் இடம். நாய் அதன் வழக்கமான சாப்பாட்டைத் தின்றுகொண்டிருக்கட்டும். உங்கள் கையில் அதைவிட ருசியானது இருக்க வேண்டும்: உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வேகவைத்த, எலும்பில்லாத கோழிக்கறி, சுண்டுவிரல் நகம் அளவுத் துண்டுகளாக. பிஸ்கட் போதாதா என்று கேட்காதீர்கள், போதாது. நாய் உடலைத் தளர்த்தி நிதானமாகத் தின்னும் தூரம் எது என்று கண்டுபிடியுங்கள். சில நாய்களுக்கு அது நாலடி, சிலவற்றுக்கு அறையின் மறுகோடி. அந்தத் தூரம் வரை பக்கவாட்டில் நடந்து போய், கண்ணை முறைக்காமல், குனியாமல், ஒரு துண்டைக் கிண்ணத்தருகே எறிந்துவிட்டு உடனே திரும்பிவிடுங்கள். நின்று வேடிக்கை பார்ப்பதும், "குட் பாய்" என்று கொஞ்சுவதும் வேண்டாம். ஒரு வேளைக்கு ஐந்தாறு முறை போதும். உங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் நாய் தானாகத் தலையைத் தூக்கி, வாலைத் தளர்வாக ஆட்டிக்கொண்டு உங்கள் கையைப் பார்க்கும் நாள் வரும். அன்றைக்குத்தான் அரையடி முன்னே போகலாம், அதற்கு முன்னால் வேண்டாம். நாய் உறுமும் முன்பே உடம்பால் சொல்லிவிடும்: தின்னும் வேகம் திடீரென்று கூடும், தலை இன்னும் தாழ்ந்து கிண்ணத்தை மூடும், தலை அசையாமல் கண்மணி மட்டும் உங்கள் பக்கம் திரும்பி ஓரத்தில் வெள்ளை பிறைபோலத் தெரியும், பிறகு ஒரு நொடி உடம்பு கல்லாய் உறையும். இதில் எதைக் கண்டாலும் நீங்கள் மிக நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். பேசாமல் விலகுங்கள், அடுத்த முறை இரண்டடி தள்ளியே நில்லுங்கள். இரண்டு நாள் நன்றாகப் போனதும் 'சோதித்துப் பார்க்க' கிண்ணத்தை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அத்தனை நாள் உழைப்பும் அதோடு போகும். தின்னும்போது கிண்ணத்துக்குள் கையை விட்டு அளைந்தால் பழகிவிடும் என்ற யோசனையும் அப்படித்தான். நாய் எதற்குப் பயந்ததோ அதையே அது நிரூபிக்கிறது. வீட்டில் ஒருவருக்குப் பழகிவிட்டதால் எல்லோருக்கும் பழகிவிட்டதாக எண்ண வேண்டாம். பெரியவர்கள் ஒவ்வொருவரும் பழைய தூரத்திலிருந்தே தொடங்க வேண்டும். குழந்தைகளுக்கு இதில் வேலையே இல்லை; நாய் தின்னும் நேரத்தில் நடுக்கதவு சாத்தியிருக்கட்டும்.

உறுமும் நாய்க்குக் கறி போட்டால் உறுமலுக்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆகாதா என்பது நியாயமான கேள்வி. முறையாகச் செய்தால் உறுமலுக்கே இடமிருக்காது, ஏனென்றால் அது தொடங்கும் தூரத்துக்கு நீங்கள் போகவே மாட்டீர்கள். கறி வருவது உறுமியதால் இல்லை, நீங்கள் வந்ததால். ஆள் வந்தால் சாப்பாடு போகும் என்று கற்ற நாய், ஆள் வந்தால் சாப்பாடு கூடும் என்று கற்கிறது. அந்தக் காலத்தில் அடித்துத்தானே வளர்த்தோம் என்பார்கள். அந்த நாய்கள் வாசலிலும் தோட்டத்திலும் கிடந்தன, பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடும். இரண்டு படுக்கையறை வீட்டில், தவழும் குழந்தையோடு ஒரே தரையில் கிடக்கும் நாய்க்கு விலகிப் போக இடமில்லை.

செருப்பையோ ரிமோட்டையோ கவ்விக்கொண்டால் துரத்தாதீர்கள். இரண்டு மூன்று கறித்துண்டைத் தள்ளிப் போட்டு, நாய் அங்கே போனபின் எடுங்கள். ஆபத்தில்லாத பொருளென்றால் சில சமயம் திருப்பியும் கொடுங்கள், விட்டுக்கொடுப்பதில் நஷ்டமில்லை என்று அதற்கு விளங்கும்.

ஏற்கெனவே பல் ஆழமாக இறங்கக் கடித்த நாயை வைத்து இதைத் தனியாக முயலக் கூடாது. கால்நடை மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிகிற கூடை வடிவ வாய்மூடியையும் நிதானமாகப் பழக்க வேண்டும். திடீரென்று குணம் மாறி, எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் தவிக்கும் நாயின் பக்கத்திலேயே போகாதீர்கள், வெறிநோயாக இருக்கலாம்; அடைத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள். யாரையாவது கடித்துவிட்டால், நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சளும் மிளகாய்த்தூளும் அப்பக் கூடாது.