சோதனைக்கு அல்ல, சபைக்கு

பிள்ளை வயலினைத் தொடுவதே இல்லை என்று குறைபடும் பெற்றோர் யாழ்ப்பாணத்தில் அநேகர். அவர்கள் சொல்லும் காரணம் சோம்பல். கற்றும் கற்பித்தும் வந்தவன் என்ற முறையில் நான் அதை ஒத்துக்கொள்ளமாட்டேன். குற்றம் பிள்ளையில் இல்லை. வாத்தியத்தைச் சோதனைக்கென்றே படிப்பிக்கும் எங்கள் பழக்கத்தில் இருக்கிறது. வட இலங்கைச் சங்கீத சபையின் சோதனைகள் தரம் தரமாக ஆசிரியர் தரம் வரை போகின்றன. குறித்த வர்ணத்தையும் கீர்த்தனைகளையும் பிள்ளை மாதக்கணக்கில் உருப்போடுகிறது. சோதனை முடிந்த கையோடு பெட்டியை மூடிவிடுகிறார்கள். அடுத்த விண்ணப்பத்துக்குத் திறக்கும்போது பிரடை வழுக்கும், தந்தி துருவேறியிருக்கும், விரல் சுரத்தானம் தெரியாமல் தடுமாறும். விட்ட இடத்துக்கு வந்து சேரவே பாதிக் காலம் போய்விடும். பிள்ளைக்கு வெறுப்பு வருவது இங்கேதான்.

யாழ்ப்பாணத்து ஊர்களான அளவெட்டியையும் இணுவிலையும் பாருங்கள். தவில் மேதை தட்சணாமூர்த்தியும் (1933–1975) நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனும் வந்த மரபைத் தாங்கியது சான்றிதழ் அல்ல, திருவிழா. கோயில் வீதி மணலில் விடியவிடிய இருந்து மேளம் கேட்ட சனத்துக்கு, தாளம் ஒரு அட்சரம் பிசகினாலும் தெரியும். அந்தக் காதுகளுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்ற நினைப்பே சாதகத்துக்குப் போதும். அது பரம்பரைத் தொழில், எங்கள் பிள்ளைகளோடு ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். பரம்பரை கொடுத்த பெரிய சொத்து, வீட்டில் எந்நேரமும் கேட்கும் வாத்தியமும் வாசலில் காத்திருக்கும் சபையும்தான். இரண்டையும் நாங்களும் கொடுக்கலாம். சாதாரண தரம், உயர்தரம், ரியூசன் என்று நேரமில்லை என்பார்கள். வாசித்து முடிந்ததும் வில்லின் முறுக்கைத் தளர்த்தி, வயலினைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். நாளுக்கு இருபது நிமிடம் போதும்: சரளி வரிசை மூன்று காலத்திலும், பிறகு அடுத்து வாசிக்கப்போகும் உருப்படியில் ஒரே ஒரு சங்கதி. சான்றிதழ் இல்லாமல் சங்கீத ஆசிரியர் வேலை கிடைக்குமா என்பதும் நியாயமான கேள்வி. சோதனை எடுக்கட்டும், ஆனால் சபையில் வாசித்துத் தேறிய உருப்படியோடு எடுக்கட்டும்.

சபைக்குக் குறைவில்லை. நவராத்திரிக்கு இங்கே பெரும்பாலான பள்ளிக்கூடங்களில் வாணி விழா உண்டு. மார்கழியில் திருவெம்பாவை வருகிறது. ஊர்ப் பிள்ளையார் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் பூசை. பெறுபேற்றைக் கேட்பதை விட்டு, பிள்ளையின் பெயரை இந்த வருட வாணி விழாவுக்குக் கொடுங்கள். நீங்களும் போய் முன்வரிசையில் இருந்து கேளுங்கள்.